தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே களத்தில் இறக்காதீர்கள்

(மருத்துவமனை நண்பர்களின் கூடுகையில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத நண்பர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



பிள்ளைகளின் விளையாட்டைப்பற்றிப் பேச ஒரு டாக்டரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். விளையாட வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகள் ஓட வேண்டும், வியர்க்க வேண்டும், தோற்கவும் ஜெயிக்கவும் பழக வேண்டும். ஆனால் நம்முடைய மைதானங்களில் ஒரு வேறுபாட்டைப் பார்க்கிறேன். கை முறிந்த பிள்ளையை யாரும் அன்றைக்கே பந்து வீசச் சொல்வதில்லை. கணுக்கால் வீங்கிய பிள்ளையை உட்கார வைக்கிறோம். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மட்டும் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, "ஒன்றுமில்லை, எழுந்து ஓடு" என்கிறோம். வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் பயப்படுகிறோம், தெரியாவிட்டால் தைரியமாகிவிடுகிறோம். இந்தத் தைரியம் சில குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பாக முடிந்திருக்கிறது என்பதையும், அதைத் தடுக்க நம்மால் என்ன செய்யக்கூடும் என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

மூளை அதிர்வு என்றால் என்ன?

டாக்டர்கள் 'கன்கஷன்' என்று சொல்வதைத் தமிழில் மூளை அதிர்வு என்று சொல்லலாம். நம்முடைய மூளை மிருதுவானது. மண்டை ஓட்டுக்குள் ஒரு நீரில் மிதந்தபடி இருக்கிறது. ஓடிவந்த தலை சட்டென்று நின்றாலும், நின்ற தலை சட்டென்று திரும்பினாலும் உள்ளே மூளை குலுங்குகிறது. இதற்குத் தலையிலேயே அடி விழ வேண்டும் என்பதில்லை. மார்பிலோ தோளிலோ பலமாக மோதி, கழுத்து ஒடிந்து திரும்பியதுபோல் வெட்டி இழுத்தாலும் போதும்.

அப்படிக் குலுங்கும்போது நரம்புச் செல்கள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது. வெளியே இருக்கவேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. இதைச் சரிசெய்ய மூளை வழக்கத்தைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதே சமயத்தில் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டமோ குறைகிறது. வேலை கூடுகிறது, கூலி குறைகிறது. அப்படிப்பட்ட வேலைக்காரன்மேல் இன்னொரு மூட்டையை ஏற்றினால் என்னவாகும்? அதுதான் அன்றைக்கே மறுபடியும் விளையாடுவதில் இருக்கும் ஆபத்து.

இங்கே மூன்று தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டும்.

முதலாவது, "மயங்கி விழவில்லையே!" மூளை அதிர்வு அடைந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நினைவு இழப்பதே இல்லை. நின்றுகொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள்.

இரண்டாவது, "ஸ்கேன் நன்றாக இருக்கிறதே!" சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்வு என்பது பெரும்பாலும் செல்களின் வேலையில் ஏற்படும் குழப்பம். அது அந்தப் படத்தில் தெரியாது. ஸ்கேன் சரியாக இருந்தால், உடனே ஆபரேஷன் தேவையில்லை என்று பொருள். நாளைக்கே விளையாடலாம் என்று பொருளல்ல. அதுபோலவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸ்கேன் வேண்டும் என்று கேட்பதும் சரியல்ல. அதிலும் கதிர்வீச்சு இருக்கிறது. யாருக்குத் தேவை என்று டாக்டர் சோதித்துச் சொல்லட்டும்.

மூன்றாவது, "ஹெல்மெட் போட்டிருந்தானே!" ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், அதற்காகக் கட்டாயம் போட வேண்டும். ஆனால் மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது முழுவதும் தடுத்துவிடாது.

இரண்டு பிள்ளைகள், இரண்டு சட்டங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டட் என்ற 13 வயதுப் பையன் 2006 அக்டோபரில் தன் பள்ளிக்காக அமெரிக்கக் கால்பந்து விளையாடினான். எதிரணிப் பையனைத் தடுத்து விழுந்தபோது தலை தரையில் மோதியது. ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். சிறிது நேரம் வெளியே உட்கார்ந்தான்; இரண்டாவது பாதியில் மீண்டும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் களத்திலேயே சரிந்தான். மூளையில் இரத்தக் கசிவு. உயிரைக் காக்க அவனுடைய மண்டை ஓட்டின் இரு பக்கங்களையும் டாக்டர்கள் திறக்க வேண்டியிருந்தது. பிழைத்தான், ஆனால் பேசவும், கையை அசைக்கவும், எழுந்து நிற்கவும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பாடுபட வேண்டியதாயிற்று.

அந்தக் குடும்பமும் டாக்டர்களும் எடுத்த முயற்சியால் 2009 மே மாதம் அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. அதில் மூன்று காரியங்கள். பெற்றோரும் பிள்ளையும் இந்த ஆபத்தைப்பற்றிப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மூளை அதிர்வு என்ற சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். தகுதியுள்ள மருத்துவரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் திரும்ப இறக்கக்கூடாது. 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

இரண்டாவது பிள்ளை கனடாவின் ஒட்டாவா நகரத்து ரோவன் ஸ்ட்ரிங்கர். வயது 17. பள்ளியின் ரக்பி அணிக்குத் தலைவி. 2013 மே மாதத்தில் ஆறே நாட்களுக்குள் அவளுக்கு மூன்று முறை அடிபட்டது. முதல் அடிகளுக்குப் பிறகே தலைவலி இருந்தது. தனக்கு மூளை அதிர்வாக இருக்குமோ என்று தோழிகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். இணையத்தில் தேடியும் பார்த்திருக்கிறாள். பெரியவர்களிடம் சொல்லவில்லை. மே 8ஆம் தேதி ஆட்டத்தில் மறுபடியும் விழுந்தாள், நினைவு திரும்பவேயில்லை. மே 12 அன்று இறந்துபோனாள். 2015இல் நடந்த மரண விசாரணையின் பரிந்துரைகளை அடுத்து, 2018இல் ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயராலேயே 'ரோவன் சட்டம்' இயற்றியது.

ஆறாத மூளையில் மறுபடி அடி விழுந்து, மூளை திடீரென்று வீங்குவதை டாக்டர்கள் 'இரண்டாம் அடி விளைவு' என்கிறார்கள். இது அடிக்கடி நடப்பதல்ல, மிகவும் அரிது. ஆனால் நடந்தவற்றில் பெரும்பாலானவை வளரும் பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்குமே நடந்திருக்கின்றன. நடந்தபின் காப்பாற்றுவது கடினம். நடக்காமல் தடுப்பதோ மிகச் சுலபம். பிள்ளையை உட்கார வைத்தால் போதும்.

ரோவனைப்பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவளுக்கு விவரம் தெரியாமல் இல்லை. சந்தேகப்பட்டாள், தேடினாள், படித்தாள். ஆனாலும் விளையாடினாள். 17 வயதில் அணியைக் கைவிடுவது மரணத்தைவிடப் பெரிய காரியமாகத் தோன்றும். ஆகவே, 'விளையாட முடியுமா?' என்ற கேள்வியைப் பிள்ளையிடம் விட்டுவிடக்கூடாது. அதைப் பெரியவர்கள் தங்கள் தோளில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கண்டுகொள்வது?

நம் ஊர் விளையாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். கபடியில் பாடிப் போகிறவனை ஐந்தாறு பேர் மடக்கும்போது ஒருவன் முழங்கால் இன்னொருவன் நெற்றியில் இடிக்கும். பின்தலை தரையில் அடிக்கும். கால்பந்தில் உயரே வரும் பந்துக்கு இருவர் எழும்பித் தலையோடு தலை மோதுவார்கள். கோ-கோவில் கம்பத்தை நோக்கிப் பாய்ந்தவன் கம்பத்திலேயே மோதுவதுண்டு. கிரிக்கெட்டில் பந்து. இவற்றில் எது நடந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பிள்ளையைக் கவனியுங்கள்.

நாம் வெளியிலிருந்து பார்க்கக்கூடியவை: அசையாமல் கிடத்தல், மெதுவாக எழுதல், தலையைப் பிடித்துக்கொள்ளுதல், தள்ளாடுதல், வெறித்த பார்வை, தன் அணி எது என்று தெரியாமல் மாறி ஓடுதல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல், காரணமில்லாமல் அழுதல் அல்லது எரிந்துவிழுதல்.

பிள்ளை சொல்லக்கூடியவை: தலைவலி, தலை கனக்கிறது, சுற்றுகிறது, குமட்டுகிறது, கண் மங்கலாகத் தெரிகிறது, வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லை, மூடுபனிக்குள் இருப்பதுபோல் இருக்கிறது, நடந்தது ஞாபகமில்லை. இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும்.

பெரிய பிள்ளைகளிடம் கேட்கச் சில கேள்விகள் உண்டு. "இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாவது பாதியா? கடைசியாக யார் கோல் போட்டது? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா?" தேதியையும் கிழமையையும் கேட்பதைவிட இவை பயனுள்ளவை. ஒன்றுக்குத் தடுமாறினாலும் மூளை அதிர்வு என்றே எண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் அவனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஏனென்றால், அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும், மறுநாளும் வரலாம். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பந்து பட்டு விழுந்ததை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அணி டாக்டர் சோதித்தார், தேறினார், திரும்ப வந்து ஆடவும் செய்தார். மறுநாள் தலைவலியும் மந்தமும் வந்தன, ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றில் மூளை அதிர்வுக்கான முதல் மாற்று ஆட்டக்காரர். முழுநேர டாக்டர் கூடவே இருக்கும் அணிக்கே இப்படியென்றால், ஒரு விசில் மட்டும் கையில் வைத்திருக்கும் நம் பி.டி. மாஸ்டர் என்ன செய்வார்? அவருக்கு ஒரே ஒரு விதி போதும்: சந்தேகமிருந்தால் உட்கார வையுங்கள். அன்றைக்கு இனி ஆட்டமில்லை.

ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டிய அடையாளங்கள்

சில அடையாளங்கள் மூளை அதிர்வுக்கும் மேலே, உள்ளே இரத்தக் கசிவோ கழுத்தெலும்பில் காயமோ இருக்கலாம் என்று எச்சரிக்கின்றன. இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து வலி, வலிப்பு, நினைவு இழத்தல், ஒன்று இரண்டாகத் தெரிதல் அல்லது பார்வை போதல், கைகால் மரத்துப்போதல் அல்லது பலமின்மை, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, நேரம் ஆக ஆகக் குழப்பமோ தூக்கக் கலக்கமோ அதிகரித்தல், அடங்காமல் முரண்டு பிடித்தல், மண்டையில் பள்ளம். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

இந்திய கிரிக்கெட் வீரர் ராமன் லம்பாவை நினைவிருக்கலாம். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில், ஹெல்மெட் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகே நின்றார். பந்து தலையில் பட்டது. அவர் தாமாகவே நடந்து வெளியே போனார். பிறகு நிலைமை மோசமாகி, மூன்றாம் நாள் இறந்தார். நடந்து போனதும் பேசியதும் ஆபத்து நீங்கியதற்கு அடையாளமல்ல. உள்ளே கசியும் இரத்தம் மண்டைக்குள் சேர்ந்து மூளையை அழுத்துவதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

முதலுதவியில் செய்யக்கூடாதவையும் உண்டு. கழுத்தில் வலி என்றாலோ, நினைவில்லாமல் இருந்தாலோ தூக்கி நிறுத்தாதீர்கள். தலையைப் பிடித்து ஆட்டாதீர்கள். பயிற்சி இல்லாதவர் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். இரண்டு பேர் நடுவில் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுவராதீர்கள். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கவும் கூடாது.

முதல் இரண்டு நாட்கள்

ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "தூங்கவிடாதே" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. விடிய விடிய எழுப்பி வைக்க வேண்டியதில்லை. அடையாளங்கள் மோசமாகாதவரை தூக்கம் நல்ல மருந்து. இரவில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவலிக்கு அளவறிந்து பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புருஃபென் போன்றவற்றை டாக்டரைக் கேளாமல் கொடுக்காதீர்கள்; அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் இப்போதைக்கு வேண்டாம்.

ஓய்வைப்பற்றிய கருத்து மாறியிருக்கிறது. முன்பு இருட்டறையில் பல நாட்கள் படுக்க வைக்கச் சொன்னோம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக நிபுணர்கள் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படிச் சொல்லவில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் மிதமான ஓய்வு. அந்த நேரத்தில் செல்போனும் டி.வி.யும் குறைவாக. வீட்டுக்குள் நடமாடலாம். அதன்பின் மெதுவான நடை நல்லது. அறைக்குள் அடைத்து வைத்தால் பிள்ளை சோர்ந்து, குணமாவதும் தாமதப்படும்.

முதலில் பாடம், பிறகு பந்து

விளையாட்டுக்குத் திரும்புமுன் பிள்ளை வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அடிபட்ட மூளைக்குக் கணக்குப் போடுவதும் பாரம்தான். ஆசிரியர்கள் இதை அறிந்திருந்தால் நல்லது. சில நாட்கள் அரைநேரப் பள்ளி, நடுவே சிறிது ஓய்வு, வீட்டுப்பாடத்தில் குறைப்பு, தேர்வுக்குக் கூடுதல் நேரம். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று கவனம் சிதறினால், "சோம்பேறி" என்று அடிக்குமுன், போன வாரம் எங்கேயாவது விழுந்தாயா என்று கேளுங்கள்.

விளையாட்டுக்குத் திரும்ப ஆறு படிகள். முதல் படி, அன்றாட நடமாட்டம். இரண்டாவது, வேக நடை, மெதுவான ஓட்டம். மூன்றாவது, தலையில் அடிபட வழியில்லாத தனிப் பயிற்சி. நான்காவது, அறிகுறிகள் யாவும் நீங்கியபின், மோதல் இல்லாமல் அணியோடு பயிற்சி. ஐந்தாவது, டாக்டரின் அனுமதியோடு முழுப் பயிற்சி. ஆறாவது, போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். தலைவலி குறிப்பிடும்படியாகக் கூடினால் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் மீண்டும் முயல வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் முழுவதும் குணமடைகிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பயமுறுத்துவது என் நோக்கமல்ல. பிரிட்டனில் 2023இல் வெளிவந்த பொது வழிகாட்டுதல், 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பவே கூடாது என்கிறது. கூடவே டாக்டர் இல்லாத நம்முடைய பள்ளிகளுக்கும் கிளப்புகளுக்கும் இது பின்பற்றத்தக்க விதி என்று நினைக்கிறேன். நான்கு வாரம் கழித்தும் தலைவலியோ தூக்கமின்மையோ மனச்சோர்வோ நீடித்தால், மறுபடியும் டாக்டரிடம் அழைத்து வாருங்கள்.

சிலருக்கு அடிமேல் அடி விழுந்து, விளையாட்டையே விட நேரிடுகிறது. ஆஸ்திரேலியாவின் வில் புகோவ்ஸ்கி 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்ட்டிலேயே 62 ரன் எடுத்தவர். பலமுறை மூளை அதிர்வு ஏற்பட்டதால், 2025 ஏப்ரலில், 27 வயதில், டாக்டர்களின் ஆலோசனைப்படி கிரிக்கெட்டை விட்டார். திறமை மிகுந்தவர், ஆனாலும் ஆட்டத்தைவிட முன்னிருக்கும் வாழ்நாள் பெரிது என்று தீர்மானித்தார்கள்.

நம் பங்கு

நம் பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். மாவட்ட அணித் தேர்வு வருகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், அதன்பின் ஒரு வேலை என்ற நம்பிக்கையோடு ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்புகின்றன. "தலை வலிக்கிறது" என்று சொன்னால் இடம் போய்விடும் என்று அந்தப் பையன் நினைக்கிறான். அவன் பயம் பொய்யல்ல. ஆகவே, 'உண்மையைச் சொன்னதால் உன் இடம் போகாது' என்ற உறுதியைப் பயிற்சியாளர் முன்கூட்டியே, எல்லாருக்கும் கேட்கும்படி கொடுக்க வேண்டும்.

உங்களில் பலர் பள்ளிகளின் நிர்வாகத்திலும், விடுதிகளிலும், வாலிபர் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். பணம் செலவாகாத நான்கு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆபத்தின் அடையாளங்களைப் பெரிய எழுத்தில் எழுதி விளையாட்டு அறையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "வெளியே வா" என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவரை நியமியுங்கள். அவர் வெற்றிதோல்வியில் அக்கறை இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அடிபட்ட அன்றே பெற்றோருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள். விடுதிப் பிள்ளையானால் அன்றிரவு யார் பார்த்துக்கொள்வது என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். டாக்டரின் எழுத்து இல்லாமல் திரும்ப இறக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள். நண்பன் தள்ளாடுவதைப் பார்த்தால் மாஸ்டரிடம் சொல்வது கோள் சொல்வதாகாது. ரோவனின் சந்தேகம் தோழிகளுக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு பெரியவரின் காதுக்கு எட்டியிருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். நம் மைதானங்களில் அந்த வார்த்தை எட்டட்டும். எட்டும்போது, அதைக் கேட்கிற பெரியவர் ஆட்டத்தை நிறுத்தட்டும்.